மீட்காமல் விட்ட பிள்ளை

எனக்கு ஒன்பது வயது முடியும்வரை என் அம்மா என்னை ‘என் பொண்ணு’ என்று ஒருதரம்கூடச் சொன்னதில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. முதல் ஒன்பது வருஷம் அது அம்மாவின் நேர்ச்சை. பிறகு நடந்ததற்கெல்லாம் என் வாய்தான் காரணம்.

நாங்கள் திருச்சி பாலக்கரையில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. அம்மா பூக்காரி. விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போய்ப் பூ வாங்கி வருவாள். வாசற்படியில் உட்கார்ந்து தொடுத்து, எங்கள் மாதா கோவில் வாசலில் விற்பாள். நயா பைசா வந்து இரண்டு வருஷம் ஆகியும் அணாவில்தான் விலை சொல்வாள். பழகியதை மாற்றுகிற மனுஷி இல்லை அவள்.

எனக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் தங்கவில்லை. ஒன்று இருபது நாள் இருந்ததாம். ஒன்று நாலு மாதம். இன்னொன்றைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், நானும் கேட்டதில்லை.

பிள்ளை தங்காத வீட்டில் எங்கள் ஜனங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஞானஸ்நானம் முடிந்த கையோடு பிள்ளையை மாதா பீடத்துப் படியில் கிடத்தி, ‘தாயே, இது உங்களுது’ என்று சொல்லிவிட்டுப் பெற்றவள் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட வேண்டும். வேறொருத்தி போய் எடுத்து வந்து, ‘மாதா பிள்ளையை வளர்த்துக் கொடு’ என்று அவள் கையிலேயே கொடுப்பாள். என்னை எடுத்து வந்தது அத்தை, அப்பாவின் அக்கா. பிள்ளை நோய்நொடி தாண்டி, புது நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை அப்பம், வாங்கும் வயதுக்கு வந்துவிட்டால், எடைக்கு எடை அரிசி வைத்துப் பெற்றவள் மீட்டுக்கொள்ளலாம். மாதாவிடம் கொடுத்தது அவர் மகனான ஆண்டவரிடம்தான் போய்ச் சேருகிறது, மீட்கும்போது அவரிடமிருந்துதான் வாங்குகிறோம் என்று எங்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சொல்வார். மீட்கும்வரை அது மாதா பிள்ளை.

மற்ற வீடுகளில் இதை ஒரு பேச்சுக்குச் செய்வார்கள். மறுநாளே ‘என் கண்ணே, என் செல்லமே’ தொடங்கிவிடும். என் அம்மா அப்படி இல்லை. பூ வாங்க வந்தவர்கள் என்னைப் பார்த்து, ‘உம் பொண்ணா? கண்ணு முட்டையாட்டம் இருக்கே’ என்பார்கள். அம்மா தலை நிமிராமல், ‘மாதா பொண்ணுங்க, நான் வளக்கிறேன்’ என்பாள். சொல்லிவிட்டு அடுத்த கண்ணியில் பூவை வைத்து இறுக்குவாள்.

அவள் என்னை அடித்ததில்லை. நல்ல மீன் துண்டு எனக்குத்தான் விழும். காய்ச்சலில் படுத்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து ஈரத்துணி போடுவாள், தலையைக் கோதுவாள், கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பாள். ஆனால் உச்சி மோந்ததில்லை. முகத்தை மட்டும் கிட்டே கொண்டுவரமாட்டாள். அம்மாக்கள் என்றால் அப்படித்தான் இருப்பார்கள் போல என்று நானும் இருந்துவிட்டேன், தம்பி பிறக்கும்வரை.

எனக்கு ஆறு வயதில் அவன் பிறந்தான். நான் தங்கிவிட்டதால் இனி பயமில்லை என்று அவனை யாருக்கும் நேர்ந்துகொள்ளவில்லை. அவன் தலையில் அம்மா முகத்தைப் புதைத்தால் எடுக்கவே மாட்டாள். ‘என் ராசா, எம் மவனே, என் ஐயா’ என்று மோந்து மோந்து அவன் உச்சியே தேய்ந்துவிடும் போலிருக்கும். நான் நீலப் பாவாடையோடு எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். நேர்ந்துவிட்ட பிள்ளைக்கு மாதாவின் நிறமான நீலத்தில்தான் துணி.

நான் அழுகிற ஜாதி இல்லை. எனக்குக் கிடைக்காததை எனக்கு வேண்டாததாக்கிக்கொள்வேன். மாதா பிள்ளை என்பதையே கிரீடமாக எடுத்து வைத்துக்கொண்டேன். குழாயடிக்குப் போகச் சொன்னால், ‘மாதா பிள்ளைய வேல ஏவக் கூடாது’ என்பேன். அத்தை விடுவாளா?

“ஆமாடியம்மா, மாதா வந்து ஒனக்குக் கொழம்பு வெச்சுக் குடுப்பாங்க. தின்னுட்டு ஒக்காந்திரு. கொடத்த எடுடி!”

குடத்தை எடுப்பேன். அத்தைக்குப் பயந்துதான். ஆனால் அம்மாவிடம் அது செல்லும். அம்மா தானே குடத்தை எடுத்துக்கொண்டு போவாள். என் வெற்றி என்று நான் நினைத்த சின்னச் சின்ன காரியங்களை இப்போது எண்ணிப் பார்த்தால் எனக்கே கூசுகிறது.

புது நன்மை நெருங்கியது. ஆறு மாதமாகவே அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வந்தாள். எனக்குச் சோறு போடும்போது, ‘இன்னும் கொஞ்சம் சாப்பிடு’ என்பாள். எடை ஏறினால் அவள்தானே அதிக அரிசி கொடுக்க வேண்டும் என்று நான் யோசித்ததில்லை.

மீட்பதற்கு நாலு நாள் முன்னால் என்னையும் ஸ்ரீரங்கம் அழைத்துப் போனாள். அங்கே ஒரு நந்தவனம் வைத்திருந்த பெரியவரிடம் அம்மா கல்யாணமான நாளிலிருந்து பூ வாங்குகிறாள். நெற்றி நிறைய நாமம், இடுப்பில் ஈரத் துண்டு. முதலில் பறித்த பூவைப் பெருமாளுக்கென்று ஒரு கூடையில் எடுத்து வாழையிலை மூடி வைத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் வியாபாரம். அம்மா பூ அளந்து வாங்கிக்கொண்டிருந்தபோது நான் அந்த வாழையிலையைத் தூக்கி மூக்கை உள்ளே விட்டேன். மல்லிகை. இரவு பெய்த தூறல் அதில் இன்னும் இருந்தது.

“ஏண்டி கொழந்தே, மோந்து பாத்துட்டியோ?” என்று பெரியவர் ஓடி வந்தார். “அது பெருமாளுக்குன்னு எடுத்து வெச்சதும்மா. அவருக்குன்னு வெச்சத நாம மோந்து பாக்கப்படாது.”

அம்மாவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. “மன்னிச்சுக்குங்க சாமி, புள்ள தெரியாம...” என்று கைகூப்பினாள்.

“கொழந்தைக்கு என்ன தெரியும், விடு. நீ எத்தனை வருஷமா வரே, உனக்குத் தெரியாததா? சொல்லிக் குடு” என்றவர், மேலாக இருந்த பூவை இரண்டு கையாலும் அள்ளி என் பாவாடையில் போட்டார். “இந்தா, இது இனிமே உனக்குத்தான். நன்னா மோந்துக்கோ.” எனக்கு அது தண்டனையா பரிசா என்று புரியவில்லை. பரிசாக எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியது. அம்மா தன் கூடையிலிருந்து ஒரு கை பூவை எடுத்து முகத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

“என்னை மட்டும் திட்டினாரு? நீ மோந்து பாக்குற?”

“இது நம்ம பங்குடி. நம்ம கைக்குன்னு குடுத்தப்பறம் மோந்துக்கலாம்” என்று சிரித்தாள். அன்றைக்கு அம்மா காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். என் தலையை இரண்டு தடவை பார்த்தாள். பேன் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா காந்தி மார்க்கெட் அரிசி மண்டியிலிருந்து பெரிய தராசைக் கேட்டு வாங்கிக் கோவிலுக்குக் கொண்டுபோய்விட்டார். வீட்டில் அம்மாவின் தங்கை, என் சித்தி, எனக்குத் தலை பின்னினாள். அம்மா புதுச் சேலை கட்டியிருந்தாள். கிளம்பும் நேரத்தில் தம்பி காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அம்மா அவனைத் தூக்கி உச்சியில் மோந்து, ‘என் தங்கமே, எம் மவனே, இதோ வந்துருவேன்’ என்று சித்தியிடம் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, ‘வா, மாதா பிள்ளே, நேரமாச்சு’ என்றாள்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் அந்தப் பேச்சு மாறப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. வழியெல்லாம் ஒன்றும் பேசாமல் நடந்தேன். பேசாமல் நடந்தால் நான் மனசுக்குள் எதையோ சமைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அத்தைக்குத் தெரியும். அன்றைக்குப் பார்த்து அவள் அரிசி மூட்டையைக் காவல் காத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

பூசை முடிந்தது. அப்போதெல்லாம் சாமியார் நமக்கு முதுகு காட்டி லத்தீனில் பூசை வைப்பார், ஒன்றும் விளங்காது. ஆனால் பக்கத்து மண்டபத்தில் நடக்கும் மீட்பு எல்லாருக்கும் விளங்கும், அதனால் பொம்பளைகள் பத்து இருபது பேர் கூடிவிட்டார்கள். மாதா சுரூபத்துக்கு எதிரில் தராசு தொங்கியது. என்னை ஒரு தட்டில் உட்கார வைத்தார்கள். தட்டு தரையில் தங்கியது. எதிர்த் தட்டில் அம்மா படி படியாக அரிசியைப் போட்டாள். உபதேசியார் கேட்க, அம்மா பதில் சொன்னாள்.

“பிள்ளை யாருது?”

“மாதாவுதுங்க.”

“கேக்கறது யாரு?”

“பெத்தவ கேக்கிறேன்.”

“எதக் குடுத்துக் கேக்கறே?”

“எடைக்கு எடை.”

என் கால் தரையை விட்டு எழும்பியது. தட்டு ஆடி ஆடிச் சமமாக நின்றது. இனி அம்மா கையை நீட்டி, ‘எம் மவளே, வா’ என்று கூப்பிட வேண்டும். நான் இறங்கி அவளிடம் போக வேண்டும். அவ்வளவுதான் சடங்கு. அம்மா அரிசி மாவு ஒட்டிய கையைப் புதுச் சேலையிலேயே துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். கையை நீட்டினாள். ‘எம்...’ என்று வாய் எடுத்தாள்.

“நான் வரல” என்றேன். “நான் மாதா பிள்ளை. என்ன யாரும் கேக்க வேணாம்.”

நன்றாக உரக்கத்தான் சொன்னேன். கோவிலில் எதிரொலித்தது.

யாரோ சிரித்தார்கள். “அடி செருப்பால!” என்று அத்தை முன்னால் வந்தாள். “நாந்தாண்டி ஒன்னத் தூக்கிட்டு வந்தவ! எறங்குடி தராச விட்டு!”

உபதேசியார் அவளைக் கையமர்த்தினார். “புள்ள வாய்க்கு வந்தத சொல்லுது. நீ கூப்பிடு தாயி.”

அம்மா நீட்டிய கையை மெல்ல இறக்கினாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் இருந்த சுரூபத்தைப் பார்த்தாள். “இது அவ சொல்றது இல்லீங்கய்யா” என்றாள். “அவங்க சொல்றாங்க.”

அப்பா அம்மாவைப் பார்த்து, ‘ஒனக்கென்ன கிறுக்கா’ என்றார். சத்தம் கேட்டுச் சாமியாரே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டு, “குழந்தைப் பேச்சும்மா. கூட்டிட்டுப் போங்க. ஆண்டவர் உங்ககிட்ட இருந்து புடுங்கிக்கிறவர் இல்ல” என்று தன்மையாகத்தான் சொன்னார்.

“தெரியுதுங்க சாமி” என்றாள் அம்மா. “எனக்குத்தான் பயமா இருக்கு.”

மூன்று பிள்ளைகளைப் புதைத்தவளிடம் அதற்கு மேல் யார் என்ன பேசுவார்கள்? அப்பா என்னை அக்குளில் கை கொடுத்து மூட்டையைத் தூக்குவதுபோலத் தூக்கி இறக்கினார். அரிசித் தட்டு தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. அரிசியைத் திருப்பி எடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. ‘அவங்க பொருள் அவங்களண்டையே இருக்கட்டும், வளக்கிற வேலய மட்டும் நான் பாக்கிறேன்’ என்றுவிட்டாள். அதை ஏழைகளுக்குக் கஞ்சி காய்ச்சினார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

மாதா பிள்ளை அதற்கப்புறம் எங்கே போனாள் என்கிறீர்கள்? வீட்டுக்குத்தான். பசித்தது. அம்மாவுக்குப் பின்னால் பத்தடி விட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

இரண்டு நாளில் என் கோபம் ஆறிவிட்டது. அப்போதே போய், ‘இப்பக் கூப்பிடும்மா, வரேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அம்மா அதையும் மாதாவின் வாக்காகத்தான் எடுத்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது தெரியாமல் இல்லை. அவளே மறுபடி கேட்கட்டும் என்று இருந்தேன். அவளோ, மாதாவிடம் இன்னொரு தடவை எப்படிக் கேட்பது என்று இருந்தாள். புது நன்மை அன்று வெள்ளை உடுப்பில் நின்றேன், தள்ளி நின்று பார்த்தாள். நான் பெரியவளானேன், கல்யாணமானது. புருஷன் ஊருக்கு வண்டி ஏறும்போது தலையில் சிலுவை வரைந்து அனுப்பினாள். மாமியார் வீட்டில் யாரோ கேட்டதற்குக்கூட, ‘மாதா பொண்ணு, பத்திரமாப் பாத்துக்குங்க’ என்றுதான் சொன்னாள். நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்குவதா என்ற ராங்கி. அது இன்றைக்கும் எனக்கு முழுசாக விட்டபாடில்லை.

கல்யாணமான மூன்றாம் வருஷம் அம்மா போய்விட்டாள். இரண்டே நாள் ஜுரம். நான் வந்து சேர்ந்தபோது பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சித்தியும் நானும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். தம்பியைத்தான் அம்மா கொஞ்சினாள், என்னை ஒரு நாள் உச்சி மோந்ததில்லை என்று என்னவோ பேச்சில் சொல்லிவிட்டேன். சித்தி கழுவிய பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஒனக்குத் தெரியாதா? தெரியும்னுல்ல நான் இத்தன நாளு நெனச்சேன். அந்த ஸ்ரீரங்கத்துப் பெரியவரு சொல்லுவாரே, சாமிக்குன்னு வெச்ச பூவ மோந்து பாக்கக் கூடாதுன்னு. ஒங்கம்மா அத ஒனக்கும் வெச்சுக்கிட்டா. மாதாவுக்குன்னு குடுத்த புள்ள, நான் மோந்தா நேர்ச்ச கெட்டுரும், எடுத்துக்குவாங்கன்னு. எந்தச் சாமியாரும் சொல்லல, அவளா போட்டுக்கிட்ட கட்டு. அந்த நாலு நாளும் என் காதத் தின்னா. ‘ஞாயித்துக்கெழம எங்கைக்கு வந்துருவாடி. வாசப்படி ஏறதுக்குள்ள உச்சி மோந்துக்கணும்’னு.”

அந்தப் பெரியவரைக் குறை சொல்ல முடியாது, அவர் பூவுக்குத்தான் சொன்னார். அம்மாவையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை, செய்தது தப்புதான் என்றாலும். பூவைக் கொடுத்தால் அது பீடத்திலேயே வாடும். பிள்ளையைக் கொடுத்தால் ஆண்டவர் திரும்பவும் பெற்றவள் மடியில்தான் போடுகிறார், மோந்துகொள் என்றுதான் போடுகிறார். இதை அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல அப்போது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் வாய். ‘நான் மாதா பிள்ளை’ என்று அன்று கூவினேனே, அந்தச் சொல்லில் மாதாவும் இல்லை, ஆண்டவரும் இல்லை. நான் எனக்குத்தான் சொந்தம், எவளும் என்னைக் கேட்காதே என்பதைத்தான் கோவில் வார்த்தையில் சுற்றிச் சொன்னேன். கூட்டத்தில் எல்லாருக்கும் அது பொய் என்று தெரிந்தது. அம்மா ஒருத்திதான் அதை மெய்யென்று நம்பி, நம்பினபடியே சாகும்வரை நடந்தாள். ஒன்பது வருஷம் காத்திருந்த ஆசையைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தாளே, அன்று அந்தக் கோவிலில் தனக்கென்று இல்லாமல் ஆண்டவருக்கே சொந்தமாக நின்றவள் அவள்தான்.

இப்போது தினமும் ஜெபத்தில் ‘என்னை உமக்கு ஒப்புக்கொடுக்கிறேன்’ என்று சொல்லுகிறேன். அந்த இடத்தில் நாக்கு கொஞ்சம் நிற்கும். ஒப்புக்கொடுக்கிறேன் என்று உரக்கச் சொல்ல எனக்கு எப்போதும் வரும். நான் அவருடையவள்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது நான் சொன்னதால் வந்ததில்லை. ஒருத்தி என்னைப் படியில் கிடத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள். அதனால் வந்தது.

அன்று கோவிலிலிருந்து வீடு வந்து சேர்ந்தோம். வாசற்படியில் அம்மா நின்றுவிட்டாள். நான் பத்தடி தாண்டி வரும்வரை காத்திருந்தாள். கிட்டே வந்ததும் என் முன்னால் லேசாகக் குனிந்தாள். அவள் மூச்சு என் வகிட்டில் பட்டது. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். கை மட்டும் வந்து என் சடையில் நழுவியிருந்த பூவை ஏற்றிச் செருகிவிட்டுப் போனது.

என்னைக் கூப்பிடத் துணியாமல் தோற்றுப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் படியேறி உள்ளே போனேன்.